அண்ணனுக்கு வராத மலேரியா தம்பிக்கு மூன்று முறை: நோயெதிர்ப்பு மரபணுக்கள் எந்த அளவுக்குக் காரணம்?

#1 கீழ்வானம்

வணக்கம். இங்கே வெகுநாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

என் அண்ணனும் தம்பியும் காட்டை ஒட்டிய ஒரு சாலைப் பணியில் இருக்கிறார்கள். நான் நடுவில் பிறந்தவள். இருவருக்கும் ஒரே கூடாரம், பக்கத்துப் பக்கத்தில் கட்டில். தம்பிக்குப் பத்து மாதத்துக்குள் மூன்று முறை மலேரியா வந்துவிட்டது. அண்ணனுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. "என் உடம்பு வாகு அப்படி, எனக்கெல்லாம் வராது" என்று சொல்லிக் கொசுவலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

எச்.எல்.ஏ என்று ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறது, மலேரியா வருவதும் வராததும் அதைப் பொறுத்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் அது இவ்வளவு மாறுமா? பரிசோதித்துப் பார்க்க வழி உண்டா? அண்ணன் சொல்வதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

#2 நுண்ணோக்கி

மரபணு பற்றித் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள் அம்மா. அதற்கு முன் ஒரு கேள்வி. தம்பிக்கு வந்தது பால்சிபாரமா, வைவாக்ஸா? மலேரியா ஒட்டுண்ணியில் முக்கியமான இரண்டு வகை இவை. ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக மலேரியா ஸ்லைடு பார்க்கிறவன் என்பதால் இதைக் கேட்கிறேன். ஜீம்சா சாயம் ஏறிய ஸ்லைடில் இரண்டும் இரண்டு விதமாகத் தெரியும். பால்சிபாரம் என்றால் சிவப்பணு பழைய அளவிலேயே இருக்கும், உள்ளே நூல் மாதிரி மெல்லிய வளையம், சில நேரம் ஒரே அணுவுக்குள் இரண்டு மூன்று வளையம். வைவாக்ஸ் புகுந்த அணு ஊதிப் பெரிதாகி, உள்ளே இளஞ்சிவப்புப் பொடி தூவியது போல் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஏன் முக்கியம் என்றால், வைவாக்ஸ் கல்லீரலில் தூங்கும். ரத்தத்தில் இருப்பதை மருந்து கொன்றாலும் கல்லீரலில் ஒளிந்தது வாரங்கள், மாதங்கள் கழித்து விழித்துக்கொண்டு மறுபடி ரத்தத்துக்கு வரும். ஆகவே மூன்று முறை காய்ச்சல் என்றால் மூன்று முறை கொசு கடித்துத் தொற்றியது என்று அர்த்தமில்லை. ஒரே கடியாகக்கூட இருக்கலாம்.

அண்ணனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சல் இல்லை என்பதும் ஒட்டுண்ணி இல்லை என்பதும் ஒன்றல்ல. நன்றாக நடமாடும் ஆட்களின் ஸ்லைடில் பாரசைட் பார்த்திருக்கிறேன்.

#3 கீழ்வானம்

வைவாக்ஸ்தான் ஐயா. மூன்று ரிப்போர்ட்டிலும் அதுவே இருக்கிறது. 14 நாள் சாப்பிடச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்களாம். காய்ச்சல் விட்டதும் நான்கைந்து நாளில் நிறுத்திவிட்டேன் என்கிறான். இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

#4 நுண்ணோக்கி

அது பிரைமாகுவினாக இருக்கும். கல்லீரலில் தூங்குவதைக் கொல்வதற்குத் தருவது. பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பி வருவது சாதாரணம். உங்கள் வீட்டுக் கதையில் பாதி இங்கேயே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

#5 மரபுச்சரடு

நுண்ணோக்கி ஐயா சொன்னதுதான் முதல் பதில். ஆனால் எச்.எல்.ஏ பற்றிக் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதை அப்படியே விட மனம் வரவில்லை. நான் மரபியல் ஆய்வில் இருக்கிறேன், இது எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எச்.எல்.ஏ மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் நெருக்கமாக உட்கார்ந்திருப்பவை. ஒரு செல் தனக்குள் இருக்கும் புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் வெளிப்புறத்தில் தூக்கிக் காட்டும். தூக்கிக் காட்டும் அந்தக் கைதான் எச்.எல்.ஏ. வெளியே சுற்றிவரும் டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் அதைத் தடவிப் பார்த்து, அந்நியமாக இருந்தால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். கையின் பிடி ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கைக்குச் சிக்கும் துண்டு என் கைக்குச் சிக்காது. மனிதர்களிடம் மிக அதிகமாக வேறுபடும் மரபணுக்கள் இவைதான். இதுவரை பெயரிட்ட வகைகள் மட்டும் 30,000க்கு மேல்.

உடன்பிறந்தவர்களுக்குள் மாறுமா என்றால், நிச்சயம் மாறும். அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து வருகிறது. அண்ணன் தம்பி இருவரும் அதே இரண்டு கொத்தையும் பெற வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு கொத்துகூடப் பொதுவாக இல்லாமல் போகவும் அதே நான்கில் ஒன்று. சிறுநீரக தானத்துக்குக் கூடப்பிறந்தவரே பொருந்தாமல் போவது இதனால்தான்.

இனி மலேரியா. 1991இல் ஏட்ரியன் ஹில் குழுவினர் காம்பியாவில் செய்த ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். கடும் மலேரியாவோடு வந்த குழந்தைகளையும் மற்றக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். எச்.எல்.ஏ-பி53 என்ற வகை உள்ளவர்களுக்குக் கடும் மலேரியா ஆபத்து சுமார் 40 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. அந்த வகை காம்பியாவில் நான்கில் ஒருவரிடம் இருக்கிறது, ஐரோப்பியர்களிடம் நூற்றில் ஒருவரிடம் இருந்தால் அதிகம். மலேரியாவே பல தலைமுறையாகச் சலித்தெடுத்து அதை அங்கே பெருக்கியிருக்கலாம் என்றார்கள்.

அதோடு நிற்கவில்லை. பி53 எதைப் பிடிக்கிறது என்றும் தேடினார்கள். இரண்டாவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும் துண்டுகளைத்தான் அது விரும்பிப் பிடிக்கும். கல்லீரலில் இருக்கும்போது ஒட்டுண்ணி உண்டாக்கும் ஒரு புரதத்தில், ஒன்பதே அமினோ அமிலம் நீளத்தில், இரண்டாவது புரோலினாக, ஒரு துண்டு கிடைத்தது. பாதுகாப்புப் பெற்ற மக்களின் டி செல்கள் அந்தத் துண்டை அடையாளம் கண்டன. மக்கள் கணக்கெடுப்பில் தொடங்கி ஒன்பது அமினோ அமிலத்தில் வந்து நின்றது அந்தத் தேடல். படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, இன்றும் மாணவர்களுக்கு அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

ஏன் கல்லீரல் புரதம்? முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. தூக்கிக் காட்டும் அந்த எச்.எல்.ஏ கையும் அதன் மேல் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் போய்விட்டால் டி செல்லுக்கு அது கண்ணில் படாது. பால்சிபாரம் மாட்டிக்கொள்ளக்கூடிய நேரம் அது கல்லீரலில் இருக்கும் ஒரு வாரம் மட்டும்.

#6 சாளரம்

கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். அப்படியென்றால் சிவப்பணு ஒட்டுண்ணிக்கு ஒளிவிடமா? இவ்வளவு எளிமையாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

#7 புள்ளிக்கணக்கு

மரபுச்சரடு, நீங்கள் எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதை 1991லேயே நின்றுவிட்டது. பிறகு நடந்ததையும் சொல்லாவிட்டால் படிப்பவர்களுக்குத் தவறான நம்பிக்கை வந்துவிடும். கொஞ்சம் கடுமையாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் பலரும் ஒரே வழியில் போனார்கள். நோயெதிர்ப்பில் பங்குள்ள ஒரு மரபணுவை எடுத்துக்கொள்வது, சில நூறு நோயாளிகளைச் சேர்ப்பது, வேறுபாடு தெரிந்தால் வெளியிடுவது. 1994இல் வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப் புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் இரட்டையாக (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து) இருந்தால், மூளை மலேரியாவில் சாவதற்கோ நரம்புப் பாதிப்போடு மிஞ்சுவதற்கோ உள்ள ஆபத்து 7 மடங்கு என்று வந்தது. சி.டி.36, ஐகாம்-1, மால் புரதம் என்று பட்டியல் நீண்டது. ஒரு நாட்டில் காப்பாற்றியது இன்னொரு நாட்டில் காப்பாற்றவில்லை, சிலது எதிர்த்திசையிலேயே போனது. எச்.எல்.ஏ-பி53 கதையும் கென்யாவில் அப்படியே திரும்பவில்லை.

பிறகுதான் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மலேரியாஜென் என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 2014இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் கடும் மலேரியா நோயாளிகள் மட்டும் 11,890 பேர், ஒப்பீட்டுக்கு 17,441 பேர், 12 இடங்களிலிருந்து. முன்பு பேசப்பட்ட மரபணுக்களில் 27 இடங்களை எடுத்துச் சோதித்தார்கள். தாங்கி நின்றவை ஹீமோகுளோபின், ஏ-பி-ஓ ரத்த வகை, சிவப்பணுச் சவ்வில் கால்சியத்தை வெளியேற்றும் ஏ.டி.பி.2பி4, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதி, அப்புறம் சி.டி.40 லிகண்ட். இதில் முதல் நான்கும் சிவப்பணுவைச் சார்ந்தவை. கடைசி ஒன்றுதான் நோயெதிர்ப்பு மரபணு, அதன் விளைவும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை.

2019இல் 17,000 பேரின் முழு மரபணுத்தொகுப்பையும் அலசி இன்னொரு ஆய்வு வந்தது. முன்பு சொல்லப்பட்ட எச்.எல்.ஏ தொடர்புகள் இந்த மாதிரிகளில் திரும்பக் கிடைக்கவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பாடப்புத்தகங்களில் இன்னும் பி53 மலேரியாவைத் தடுக்கிறது என்று ஒற்றை வரியில் போடுகிறார்கள். அது நியாயமில்லை.

#8 மரபுச்சரடு

நியாயமான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். 2019 முடிவை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வே சொல்லும் இன்னொரு கணக்கையும் பாருங்கள். கடும் மலேரியா யாருக்கு வருகிறது என்பதில் மரபின் பங்கு சுமார் 23 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். அதில் கண்டுபிடித்த ஐந்து இடங்களும் சேர்ந்து விளக்கியது பத்தில் ஒரு பங்குதான். மீதி எங்கே இருக்கிறது? ஆயிரம் சின்னச் சின்ன விளைவுகளாகச் சிதறிக் கிடக்கலாம். அதில் கணிசமான பகுதி நோயெதிர்ப்பில் இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எச்.எல்.ஏ ஒரு சிக்கலான இடம். பக்கத்து மரபணுக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியே பரம்பரையில் வரும், எது காரணம் எது கூட வந்தது என்று பிரிப்பது கடினம். எந்த வகை எதோடு ஒட்டிவருகிறது என்பது ஒரு மக்கள் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும். எதிரே இருப்பதும் சும்மா இல்லை. ஒட்டுண்ணியின் புரதத் துண்டுகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஓர் ஊர் ஒட்டுண்ணியின் துண்டைப் பிடிக்கும் கை, அடுத்த ஊர் ஒட்டுண்ணியிடம் வழுக்கிவிடலாம். எல்லா நாட்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் அந்த மாதிரி விளைவு கரைந்தே போய்விடும்.

#9 புள்ளிக்கணக்கு

"இடத்துக்கு இடம் மாறும்" என்பதை எந்தத் தோல்விக்கும் சாக்காகச் சொல்லிவிடலாம், அதுதான் என் கவலை. மாறும் என்றால் எங்கே எப்படி மாறும் என்று முன்கூட்டியே சொல்லிச் சோதிக்க வேண்டும். அப்படிச் செய்தால் நான் முதல் ஆளாக ஏற்றுக்கொள்வேன்.

#10 மழைக்குருவி

குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் மருத்துவர் நான். உங்கள் இருவர் பேச்சிலும் ஒன்று விடுபட்டுப் போகிறது. "மலேரியா வருவது" என்று ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஒட்டுண்ணி உடம்பில் தங்குவது, அதனால் காய்ச்சல் வருவது, கடும் நோயாகி உயிருக்கு ஆபத்தாவது. மூன்றுக்கும் ஒரே மரபணு காரணமாக இருக்க வேண்டியதில்லை.

கடும் நோயை எடுத்துக்கொள்வோம். பால்சிபாரம் புகுந்த சிவப்பணு தன் மேல் ஒரு புரதத்தை நீட்டி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கு ஒட்டுண்ணியிடம் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன, ஒரு நேரத்தில் ஒன்றை அணிந்துகொள்ளும். ஆன்டிபாடி அதைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்ததற்கு மாறிவிடும். மூளையின் நுண்குழாய்களில் அப்படி அடைத்தால் குழந்தை நினைவிழக்கிறது. அங்கே நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தது மட்டும் பிரச்சினையில்லை, அது அளவுக்கு மீறிப் பொங்கினாலும் வீக்கம் கூடுகிறது. ஆகவே எந்த மரபணு வகை நல்லது என்று கேட்டால், எந்தக் கட்டத்தில் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒட்டுண்ணியை விரட்ட உதவும் வேகமே மூளையைக் கெடுக்கவும் கூடும்.

இன்னொரு உண்மை மனதுக்குக் கஷ்டமானது. மலாவியில் மூளை மலேரியா என்று முடிவு கட்டப்பட்டு இறந்த 31 குழந்தைகளைப் பிணக்கூறு செய்து பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். 7 பேர் வேறு காரணத்தால் இறந்திருந்தார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது, ஆனால் உயிரை எடுத்தது அது அல்ல. மலேரியா அடர்ந்த இடத்தில் பல குழந்தைகளின் ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் ஒட்டுண்ணி இருக்கும், நினைவிழந்து வந்தால் பழியை அதன் மேல் போட்டுவிடுகிறோம். 2021இல் கென்யத் தரவுகளை மறுபடி அலசியவர்கள், கடும் மலேரியா என்று பதிவானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் அதுவாக இருக்காது என்று மதிப்பிட்டார்கள். நோயாளிப் பட்டியலே இப்படிக் கலந்திருந்தால் சின்ன விளைவுள்ள மரபணுக்கள் எப்படித் தெரியும்? புள்ளிக்கணக்கு அவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்?

ஒரு குழந்தையின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதை நான் ஒருபோதும் விடமாட்டேன். விழித்திரையில் வெளிறிய திட்டுகளும் நிறம் மங்கிய குழாய்களும் தெரிந்தால் மூளையிலும் அதுவே நடக்கிறது என்று நம்பலாம். தெரியாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும், அந்தத் தேடலில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் அது அந்தக் குழந்தையின் ஒரு மணி நேரம்.

#11 புள்ளிக்கணக்கு

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் மருத்துவரே. பட்டியலில் மூன்றில் ஒருவர் தவறென்றால் உண்மை விளைவு அந்த அளவுக்கு மங்கித்தான் தெரியும். சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் ஹீமோகுளோபின் மாற்றமான அரிவாள் செல் போன்ற பெரிய விளைவு அந்த மூடுபனியையும் தாண்டித் தெரிந்துவிடும், சின்னது தெரியாது. என் வாதத்தில் அந்த அளவுக்குப் பின்வாங்குகிறேன். ஆனால் சின்ன மாதிரியில் வந்த 7 மடங்கை அது காப்பாற்றாது.

#12 தேன்சிட்டு

ஃபுலானி மக்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நோயெதிர்ப்பு மரபு பற்றிப் பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான்.

புர்கினா பாசோவில் ஃபுலானி, மோசி, ரிமைபே என்று மூன்று சமூகத்தார் ஒரே பகுதியில் வாழ்கிறார்கள். கொசுக்கடி ஏறக்குறைய ஒரே அளவு. 1996இல் மோடியானோ குழுவினர் பார்த்தபோது ஃபுலானிகளுக்கு ஒட்டுண்ணியும் குறைவு, காய்ச்சலும் குறைவு, ஆனால் மலேரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி அதிகம். அவர்களுக்கு அரிவாள் செல் மாதிரியான சிவப்பணு மாற்றங்கள் கூடுதலாக இருக்கும் என்று நினைப்போம். பார்த்தால் அவை அண்டை மக்களைவிடக் கூடுதலாக இல்லை. ஆகவே வித்தியாசம் நோயெதிர்ப்பில்தான் இருக்க வேண்டும். மாலி நாட்டில் ஃபுலானிகளையும் டோகோன் மக்களையும் ஒப்பிட்டபோதும் இதே மாதிரிதான் வந்தது.

நோயெதிர்ப்புச் சமிக்ஞையான இன்டர்லூகின்-4, ஆன்டிபாடியைப் பற்றிக்கொள்ளும் எஃப்.சி ஏற்பிகள் என்று பல மரபணுக்களைச் சோதித்தார்கள். ஒரே ஒரு மரபணுவைக் காட்டி இதுதான் என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் கண்ணெதிரே ஒரு மக்கள் கூட்டம் நிற்கிறதே!

#13 மரபுச்சரடு

தேன்சிட்டு, மிக்க நன்றி. நான் எழுத நினைத்து விடுபட்டுப்போனது இது. இங்கே விளைவு பெரியது, ஆனால் ஒரே மரபணுவில் குவியவில்லை. நான் மேலே சொன்ன சிதறிய விளைவுகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எஃப்.சி ஏற்பி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயெதிர்ப்புச் செல்களுக்குப் பிரேக் போல வேலை செய்யும் எஃப்.சி காமா 2பி என்று ஒரு ஏற்பி உண்டு. அதன் மரபணுவில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறும் வகை பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. அந்த வகை இரட்டையாக இருப்பவர்களுக்கு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் வரும் ஆபத்து கூடுகிறது. கென்யக் குழந்தைகளில் அதே வகை கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புத் தருவதாக 2010இல் வெளியிட்டார்கள். அந்த வகை ஐரோப்பியர்களைவிட ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம். மலேரியாவிடம் பிழைத்தவர்களின் சந்ததி இன்று கொசுவே இல்லாத நகரத்தில் லூபஸோடு வாழ்கிறது என்று யோசித்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. புள்ளிக்கணக்கு கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன், பெரிய மாதிரியில் உறுதியாகும் வரை இதையும் கவனமாகத்தான் பேச வேண்டும்.

#14 கீழ்வானம்

எல்லாருக்கும் நன்றி. பாதி புரிகிறது, மீதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். தம்பிக்கு வந்தது வைவாக்ஸ். நீங்கள் பேசுவதெல்லாம் பால்சிபாரம் போலத் தெரிகிறதே. அண்ணனுக்கு வைவாக்ஸே ஏறாத மாதிரி ஏதாவது இருக்க முடியுமா?

#15 மரபுச்சரடு

கூர்மையான கேள்வி. இருக்க முடியும், அதற்குப் பெயர் டஃபி. சிவப்பணுவின் மேல் டஃபி என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வைவாக்ஸ் பெரும்பாலும் உள்ளே நுழைகிறது. 1976இல் லூயிஸ் மில்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 17 தன்னார்வலர்களுக்கு வைவாக்ஸ் உள்ள கொசுக்கடி கொடுக்கப்பட்டது. தொற்றாமல் தப்பிய ஐந்து பேருமே டஃபி இல்லாதவர்கள்.

இந்த டஃபி உண்மையில் நோயெதிர்ப்போடு தொடர்புடையதுதான். செல்களை அழைக்கும் கீமோகைன் சமிக்ஞைகளைப் பிடித்துவைக்கும் ஏற்பி அது. டஃபி இல்லாதவர்களில் அந்த மரபணு கெட்டுப்போகவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சிவப்பணுவில் மட்டும் அது அணைந்து கிடக்கும், மற்ற செல்களில் வழக்கம் போல எரியும்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லாருமே டஃபி இல்லாதவர்கள். அந்த வம்சாவளிக்கு வெளியே இது அரிது. உங்கள் அண்ணனுக்கு இருப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. அப்படியே இருந்தாலும் பால்சிபாரத்தை அது தடுக்காது. வைவாக்ஸைக்கூட முழுதாகத் தடுக்காது, மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களுக்கும் வைவாக்ஸ் காய்ச்சல் வந்ததை 2010இல் பதிவு செய்தார்கள்.

#16 மழைக்குருவி

டஃபி பற்றி மருத்துவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. டஃபி இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும். அவர்களுக்கு அது நோயில்லை. ஆனால் ஐரோப்பியர்களை வைத்துப் போட்ட எல்லைக்கோட்டைக் கொண்டு பார்த்து, எலும்பு மஜ்ஜை வரைக்கும் ஊசி குத்திப் பரிசோதித்தவர்கள் உண்டு, புற்றுநோய் மருந்தின் அளவைத் தேவையில்லாமல் குறைத்தவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக மலேரியா விட்டுப்போன தடம் ஒருவருடைய லேப் ரிப்போர்ட்டில் கோளாறாகத் தெரிகிறது. இதை நாம் திருத்தியாக வேண்டும்.

#17 சாளரம்

ஒரு கேள்வி. அரிவாள் செல் பாதுகாப்புக்கும் நோயெதிர்ப்புக்கும் சம்பந்தமே இல்லையா? சிவப்பணு வேறு, நோயெதிர்ப்பு வேறு என்று இரண்டு கட்சியாகப் பேசுகிறீர்கள்.

#18 தேன்சிட்டு

சாளரம், இரண்டுக்கும் நடுவில் கோடு போட முடியாது என்று நானும் நினைக்கிறேன்.

1949இல் ஹால்டேன், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டையும் மலேரியாவையும் இணைத்து ஊகித்தார். 1954இல் அலிசன் அரிவாள் செல் மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு இருப்பதைக் காட்டினார். கடும் மலேரியா ஆபத்தை அது பத்தில் ஒன்றாக்கிவிடும் அளவுக்குப் பெரிய விளைவு. அணுவுக்குள் ஒட்டுண்ணி வளர முடியாததால் என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் 2005இல் கென்யாவின் கிலிஃபி பகுதியில் பார்த்தபோது, சாதாரண மலேரியாவுக்கு எதிரான பாதுகாப்பு முதல் இரண்டு வயதில் 20 சதவீதமாக இருந்து, பத்து வயதுக்குள் 56 சதவீதம் வரை ஏறியது. வெறும் அணுவின் பௌதிகம் என்றால் வயதோடு ஏன் ஏற வேண்டும்? அரிவாள் செல் உள்ளவர்களின் உடம்பு மலேரியாவை வேகமாகப் பழகிக்கொள்கிறது, அதாவது நோயெதிர்ப்பும் சேர்ந்தே வேலை செய்கிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

#19 மரபுச்சரடு

இதோடு 2022இல் வந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காம்பியாவிலும் கென்யாவிலும் கடும் மலேரியாவோடு வந்த 3,346 குழந்தைகளின் மரபணுவையும், அவர்கள் உடம்பிலிருந்த ஒட்டுண்ணியின் மரபணுவையும் ஒன்றாகப் படித்தார்கள். ஒட்டுண்ணியில் சில இடங்களில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அரிவாள் செல் தரும் பாதுகாப்பு அதனிடம் ஏறக்குறைய செல்லுபடியாகவில்லை. நம் மரபணு பூட்டை மாற்றினால் அது சாவியை மாற்றிக்கொள்கிறது.

புள்ளிக்கணக்கு, நீங்கள் 9ஆம் பதிவில் கேட்டது இந்த மாதிரி ஆய்வுதான் என்று நினைக்கிறேன். மனிதனையும் ஒட்டுண்ணியையும் சேர்த்தே படித்தால்தான் எச்.எல்.ஏ வழக்கும் ஒரு முடிவுக்கு வரும்.

#20 புள்ளிக்கணக்கு

ஆமாம், இதைத்தான் கேட்டேன். இரண்டு பக்கமும் படித்த ஆய்வு என்றால் நானும் உங்களோடு வருகிறேன். தடுப்பூசியிலும் இதன் நிழல் இருக்கிறது. ஆர்.டி.எஸ்.எஸ் என்ற மலேரியா தடுப்பூசி ஒட்டுண்ணியின் ஒரே ஒரு வகைப் புரதத்தை வைத்துச் செய்தது. 2015இல் பார்த்தபோது, தொற்றிய ஒட்டுண்ணியின் அந்தப் பகுதி தடுப்பூசியோடு முழுதாகப் பொருந்தினால் முதல் ஆண்டில் 50 சதவீதம் பலன், பொருந்தாவிட்டால் 33 சதவீதம். ஒரே தடுப்பூசி, எதிரே வரும் வகையைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

#21 நுண்ணோக்கி

எல்லாம் படித்தேன். இருபது வருடம் பார்த்த வளையங்களுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று இருந்தது. கீழ்வானம், அண்ணன் தம்பி நிலவரம் என்ன? ஒன்றை மறந்துவிட்டேன். பிரைமாகுவின் மறுபடி தொடங்கும் முன் ஜி6பிடி பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அந்த நொதி குறைவாக இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். மேலே பட்டியலில் மலேரியாவோடு தொடர்புள்ளதாக வந்த அதே ஜி6பிடிதான்.

#22 கீழ்வானம்

ஐயா, நேற்று இருவரையும் அழைத்துப் போனோம்.

தம்பி மாத்திரையைப் பாதியில் விட்டதை மருத்துவரிடம் நானே சொன்னேன். ஜி6பிடி பார்த்தார்கள், அளவு இயல்பாக இருக்கிறது. 14 நாளும் சாப்பிட வேண்டும் என்று சொல்லிப் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். தினமும் காலையில் போனில் அழைத்து, மாத்திரையை வாயில் போடும் வரை கூடவே இருக்கிறேன். இன்று இரண்டாவது நாள்.

அண்ணனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவருக்குக் காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். ஸ்லைடில் வைவாக்ஸ் இருந்தது. கொஞ்சம்தான், நூறு களம் பார்த்ததில் நான்கு என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கூடாரத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து வலையை எடுத்ததாகத் தம்பி சொன்னான்.

#23 நுண்ணோக்கி

நான்கு. அதைக் கண்டுபிடித்த கண்ணுக்கு என் வணக்கம். அண்ணனுக்கும் ஜி6பிடி பார்த்துவிட்டுத்தானே மாத்திரை கொடுத்தார்கள்?

#24 கீழ்வானம்

பார்த்தார்கள் ஐயா. அவருக்கும் இயல்புதான். நாளைக் காலையிலிருந்து இரண்டு பேருக்கும் போன் செய்ய வேண்டும்.